மஞ்சள் கடிதாசி: கடன் வாங்கியோரும் கொடுத்தோரும் அறிய வேண்டுவன

1895-ஆம் ஆண்டில் முல்லைப் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பியது. அன்று தொட்டுக் கம்பம் பள்ளத்தாக்கு பசுமை குன்றாத நிலமாக விளங்கி வருகிறது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள், சுருளிப்பட்டியிலும் இராயப்பன்பட்டியிலும் ஓடைப்பட்டியிலும் திராட்சைப் பந்தல்கள், சின்னமனூர்ப் பக்கம் வாழைத் தோட்டங்கள், போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் என இப்பகுதியின் வளம் பலவகைப்பட்டது. கம்பம் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது.

வளம் மிகுந்த நிலத்தில் கடனும் மிகுதியாக இருப்பது வியப்பன்று. தோட்டப் பயிர் முதலீட்டை முன்கூட்டியே கேட்கிறது. கல்தூணும் கம்பியும் நட்டுப் பந்தல் போட்டு, மருந்தும் உரமும் கூலியும் கொடுத்த பின்னரே கொடி காய்க்கிறது. பழம் முதிரும் பருவத்தில் மழை பெய்தால் மணிகள் வெடித்து அழுகுகின்றன. விளைச்சல் நன்றாயிருந்தாலும் சந்தை விலை சரிந்தால் கணக்கு நேராவதில்லை. ஓராண்டின் இழப்பை அடுத்த ஆண்டின் கடன் மூடுகிறது. அதனை அதற்கடுத்த ஆண்டின் கடன் மூடுகிறது. இவ்வாறு நான்கைந்து ஆண்டுகள் சென்றபின், "இனி மஞ்சள் கடிதாசி கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை" என்ற பேச்சு அக்குடும்பத்தில் எழுகிறது.

இப்பேச்சு எழும்போது கிராமத்தார் முதலில் நாடுவது பெரும்பாலும் ஊராட்சி மன்ற உறுப்பினரைத்தான். அவர் கூறும் முதல் ஆலோசனை சரியாக அமைந்தால் ஒரு குடும்பத்தின் வீடும் மானமும் காக்கப்படும். தவறாக அமைந்தால் கடன்பட்டவர் மட்டுமன்றி, அவருக்கு ஜாமீன் நின்றவரும், அவரிடம் பணம் வைத்த ஏழைகளும் துன்புறுவர். ஆகவே இப்பொருள் பற்றிய நடைமுறைச் செய்திகளை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

மஞ்சள் கடிதாசி என்பது யாது?

கடனைத் தீர்க்க இயலாதவர் தம்மைத் திவாலானவர் என அறிவிக்குமாறு நீதிமன்றத்தில் கொடுக்கும் மனுவையும், அதையொட்டிக் கடன் கொடுத்தவர்களுக்கு வரும் அறிவிப்பையுமே மக்கள் மஞ்சள் கடிதாசி என்கின்றனர். முற்காலத்தில் இவ்வறிவிப்பு மஞ்சள் தாளில் வந்ததால் இப்பெயர் ஏற்பட்டது என்பர். "ஐ.பி. கொடுத்துவிட்டார்" என்று சொல்வதும் இதனையே குறிக்கும்.

சென்னை நகரம் நீங்கலாக நம் மாநிலத்தில் தனிமனிதரின் திவால் மனுக்களுக்கு அடிப்படையாக இருப்பது 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம் ஆகும். 2016-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நொடிப்பு மற்றும் திவால் தொகுப்புச் சட்டத்தை இயற்றியதைப் பலரும் செய்தித்தாள்களில் படித்திருப்பர். பெரிய கம்பெனிகளின் கடன்கள் அதன்படித் தீர்க்கப்படுகின்றன. தனிமனிதர் பற்றிய பகுதியும் அச்சட்டத்தில் உண்டு. ஆனால் 2019 டிசம்பர் 1 முதல் அப்பகுதி நடைமுறைக்கு வந்தது கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தவர்களைப் பொறுத்த அளவில்தான். திராட்சை விவசாயியும் நெசவாளியும் சிறு கடைக்காரரும் நாட வேண்டியது பழைய 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தையே.

தாம் வழக்கமாக வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் இடத்திற்குரிய மாவட்ட நீதிமன்றத்திலோ, இதற்கென அதிகாரம் பெற்ற சார்பு நீதிமன்றத்திலோ மனுச் செய்தல் வேண்டும். கடன் ரூ.500-க்குக் குறையாமல் இருத்தல், அல்லது டிக்ரியின் பேரில் கைதாகியிருத்தல், அல்லது சொத்து ஜப்தியில் இருத்தல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தால் மனு செல்லும். கடனைத் தீர்க்க இயலாத நிலை உண்மையாகவே இருத்தல் இவை எல்லாவற்றிற்கும் பொதுவான நிபந்தனை. 30 இலட்சம் பெறுமானமுள்ள நிலத்தை வைத்துக்கொண்டு 12 இலட்சம் கடனுக்குத் திவால் கேட்பவரின் மனு நிற்பது அரிது. அவருக்கு உகந்தது நிலத்தில் ஒரு பகுதியை நல்ல விலைக்கு விற்றுக் கடனைத் தீர்ப்பதேயாகும்.

நான்கு தவறான எண்ணங்கள்

முதலாவது, வக்கீல் நோட்டீசு அனுப்பிய அன்றே கடன்காரர் எவரும் வாசலில் நிற்கக் கூடாது என்ற எண்ணம். வக்கீல் நோட்டீசு நீதிமன்ற உத்தரவு ஆகாது. மனுவைத் தாக்கல் செய்வதும் தானாகவே எல்லா வழக்குகளையும் நிறுத்திவிடாது. நீதிமன்றம் விசாரித்து, "இவர் திவாலானவர்" என்று தீர்ப்பளித்த பின்னரே சொத்து நீதிமன்றத்தின் பொறுப்பிலோ ரிசீவர் பொறுப்பிலோ சென்று சேரும். அதன் பின்னர்க் கடன் கொடுத்தவர் எவரும் நீதிமன்ற அனுமதியின்றி அச்சொத்தின் மீதோ தனியாக வழக்கிட்டோ கடனை வசூலிக்க முடியாது. கைதிலிருந்து காக்கும் பாதுகாப்பு உத்தரவையும் அதன்பின் தனியே கேட்டுப் பெறலாம். காசோலை திரும்பியதற்கான வழக்கு குற்றவியல் முறையில் நடப்பது. அதைத் திவால் மனு தானாகவே நிறுத்திவிடும் என்று நம்புதல் கூடாது.

இரண்டாவது, எல்லாக் கடனும் அழிந்துபோகும் என்ற எண்ணம். நிலத்தை அடமானம் பெற்ற வங்கியும், நகையை ஈடாகப் பெற்ற சங்கமும் அந்த ஈட்டின் மீதுள்ள உரிமையை இழப்பதில்லை. அரசுக்குச் செலுத்த வேண்டிய கடனும், மோசடியால் ஏற்பட்ட கடனும், நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சமும் விடுதலை உத்தரவு பெற்ற பின்னும் நிற்கும்.

மூன்றாவது, ஜாமீன் நின்றவரும் தப்பிவிடுவார் என்ற எண்ணம். சட்டத்தின் 44-ஆம் பிரிவு இதனைத் தெளிவாக மறுக்கிறது. கடன்பட்டவருக்கு விடுதலை கிடைத்தாலும் ஜாமீன்தாரருக்கும் கூட்டாகக் கையெழுத்திட்டவருக்கும் விடுதலை இல்லை. மகளிர் குழுவின் பொறுப்பில் கடன் பெற்ற ஒருவர் மனுச் செய்தால் அவருடைய சுமை மற்ற உறுப்பினர் தலையில் ஏறக்கூடும். மனுச் செய்யுமுன் யார் யார் நமக்காகக் கையெழுத்திட்டுள்ளனர் என்று எண்ணிப் பார்ப்பதும், அவர்களிடம் வெளிப்படையாகப் பேசுவதும் நேர்மையாளரின் கடமை.

நான்காவது, சொத்தை முன்கூட்டியே மனைவி பேரிலோ மைத்துனர் பேரிலோ எழுதி வைத்துவிட்டு மனுச் செய்தால் சொத்து தப்பும் என்ற எண்ணம். இது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை ஒக்கும். நியாயமான விலை பெறாமலும் நல்லெண்ணமின்றியும் செய்த கிரயம், தானம் முதலியவை நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் திவால் மனு வந்து, அதன்பேரில் அவர் திவாலானவர் எனத் தீர்ப்பாகுமாயின், 53-ஆம் பிரிவின்படி அவை ரத்தாகலாம். சொத்தைக் கடன்காரரிடமிருந்து மறைப்பதும் கணக்குப் புத்தகத்தை அழிப்பதும் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். சொத்தும் போய், நற்பெயரும் போய், விடுதலையும் மறுக்கப்படும் நிலை இதனால் வருகிறது.

ஒரு கணக்கு

சட்டத்தின் உட்கருத்து ஒரு கணக்கினால் நன்கு விளங்கும். ஒரு விவசாயியின் தோட்டம் ரூ.16 இலட்சம் பெறும் என்று கொள்வோம். அதன்பேரில் அடமானக் கடன் ரூ.6 இலட்சம். புரோநோட்டுக் கடன் நால்வரிடம் ரூ.12 இலட்சம், உரக்கடைப் பாக்கி ரூ.3 இலட்சம், பழ வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் ரூ.5 இலட்சம். ஈடில்லாத கடன் ஆக மொத்தம் ரூ.20 இலட்சம்.

தோட்டத்தை விற்ற தொகையில் அடமானம் போக மீதி ரூ.10 இலட்சம். செலவுகளை நீக்காமல் பார்த்தால், 20 இலட்சத்திற்கு 10 இலட்சம், அதாவது ரூபாய்க்கு 50 காசு வீதம் எல்லாருக்கும் கிடைக்கும். உரக்கடைக்காரருக்கு ஒன்றரை இலட்சம்; வியாபாரிக்கு இரண்டரை இலட்சம்.

இதே விவசாயி மனுச் செய்வதற்குச் சில நாட்களுக்கு முன், மிரட்டிய வியாபாரிக்கு மட்டும் முழு ஐந்து இலட்சத்தையும் கொடுத்துவிட்டதாகக் கொள்வோம். மற்றவர்களுக்கு 15 இலட்சத்திற்கு 5 இலட்சமே மிஞ்சும். ரூபாய்க்கு 33 காசுதான் கிடைக்கும். குரல் உயர்த்தியவர் முழுவதும் பெற, அமைதியாக இருந்தவர்கள் இழக்கின்றனர். இதைத் தடுக்கவே 54-ஆம் பிரிவு, மனுவுக்கு முந்திய மூன்று மாதங்களில் ஒருவருக்குச் சலுகை காட்டும் நோக்குடன் கொடுத்ததை ரத்துச் செய்ய வகை செய்துள்ளது. எல்லாரையும் சமமாக நடத்துவதே திவால் சட்டத்தின் அறம். அந்த அறத்திற்கு உட்பட்டு நடப்பவருக்கே அது அடைக்கலம் தருகிறது.

எவை எஞ்சும்?

எல்லாச் சொத்தும் போய்விடும் என்று அஞ்சுவோர் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவை அறிந்திருத்தல் நலம். உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, மரபுப்படிப் பெண்கள் களையக்கூடாத அணிகள் ஆகியவை ஜப்திக்கு உட்படா. விவசாயியின் உழவுக் கருவிகளும், பிழைப்புக்குத் தேவையென நீதிமன்றம் கருதும் கால்நடைகளும் விதைத் தானியமும் விலக்குப் பெற்றவை. விவசாயியோ கூலித் தொழிலாளியோ தாம் குடியிருக்கும் சொந்த வீடும் அவ்வாறே. எனினும் அவ்வீட்டையே ஒரு கடனுக்கு அடமானம் வைத்திருந்தால் அக்கடனைப் பொறுத்து இப்பாதுகாப்பு உதவாது. ஆதலின் தோட்டக் கடனுக்கு வீட்டுப் பத்திரத்தை ஈடாக வைக்குமுன் பலமுறை எண்ணுதல் வேண்டும்.

பணமில்லாமையே குற்றமன்று என்பதையும் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். 1980-ஆம் ஆண்டில் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில், கொடுக்க வழியற்றவரை டிக்ரிக் கடனுக்காகச் சிறையில் அடைத்தல் தகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணக் கடனுக்கான டிக்ரியில் பெண்களைக் கைது செய்யவே முடியாது. தந்தையின் கடனுக்கு மகன் தன் சொந்தச் சம்பாத்தியத்தைக் கொடுக்க வேண்டுவதில்லை. தந்தையிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்கே பொறுப்பு உண்டு.

மனுச் செய்வோர் செய்ய வேண்டுவன

வக்கீலிடம் செல்லுமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பட்டியல்களை எழுதுக. முதற் பட்டியலில் கடன்கள்: கொடுத்தவர் பெயர், முகவரி, வாங்கிய நாள், அசல், கட்டிய வட்டி, ஈடு, ஜாமீன்தாரர். உறவினரிடம் கைமாற்றாக வாங்கியதையும் விடுதல் கூடாது. இரண்டாம் பட்டியலில் சொத்துக்கள்: நிலம், வீடு, வண்டி, நகை, சீட்டுப் பணம், காப்பீடு, வரவேண்டிய பாக்கி. நம் பகுதியார் பலருக்கு இடுக்கி மாவட்டத்து மலைகளில் ஏலத் தோட்டம் உண்டு. மாநில எல்லைக்கு அப்பால் இருப்பதால் அதைச் சொல்ல வேண்டுவதில்லை என்று கருதுதல் பெருந்தவறு. எங்கிருப்பினும் சொத்து சொத்தேயாகும்.

பட்டியல்களுடன் பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம், மண்டிச் சீட்டுகள் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். பயிர் அழிந்ததற்குக் கிராம நிர்வாக அலுவலரின் சான்றோ பயிர்க் காப்பீட்டு ஆவணமோ இருந்தால் அதனைப் பொன்போல் காத்து வைத்தல் வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. ஈடில்லாத கடன்களுக்குச் சொத்தின் மதிப்பு ரூபாய்க்கு எட்டணா, அதாவது சரிபாதி கூடத் தேறாவிடில், அது கடன்பட்டவரின் பொறுப்பில் நேர்ந்ததன்று என்று அவர் காட்டியாக வேண்டும். காட்டாவிடில் 42-ஆம் பிரிவின்படி முழு விடுதலை மறுக்கப்படும். கணக்கு வைக்காமையும், சூதாட்டமும், வரம்பு மீறிய ஆடம்பரமும் விடுதலைக்குத் தடைகள். மழையும் விலைச்சரிவும் தடைகள் ஆகா. ஆனால் அவற்றிற்குச் சான்று வேண்டும்.

வழக்கை நடத்தும் இளம் வக்கீல்களுக்கும் இவற்றில் பாடம் உண்டு. மனுவை எழுதத் தொடங்குமுன் நான்கு வினாக்களைக் கேட்டல் வேண்டும். கடந்த இரண்டு ஆண்டுகளில் எச்சொத்தையேனும் யாருக்கேனும் எழுதிக் கொடுத்தீரா? கடந்த மூன்று மாதங்களில் யாருக்கேனும் தனியே பணம் கொடுத்தீரா? ஜாமீன் நின்றவர் யார்? கையெழுத்திட்ட வெற்றுப் புரோநோட்டும் காசோலையும் யாரிடம் உள்ளன? இவற்றிற்கு உண்மை விடை கிடைத்த பின்னரே மனுச் செய்வது தக்கதா, வேறு வழி உண்டா என்று முடிவு செய்ய இயலும். முதல் நாளில் வெட்கத்தால் மறைத்தது விசாரணை நாளில் எதிர்வக்கீலின் வாயிலிருந்து வெளிப்படுவது வழக்கின் நம்பகத்தையே கெடுத்துவிடும்.

தீர்ப்புப் பெற்றவுடன் வேலை முடிந்தது என்று வீட்டில் உறங்குவோரும் உளர். விடுதலை கேட்டு இத்தனை மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் கெடு விதிக்கும். அக்கெடுவைத் தவறவிட்டால் தீர்ப்பே ரத்தாகிவிடும்; மீண்டும் மனுச் செய்ய நீதிமன்றத்தின் தனி அனுமதி வேண்டும். ஆதலின் கெடு நாளைச் சுவரில் எழுதி வைப்பதும் மிகையாகாது.

கடிதாசி நமக்கு வந்தால்

விவசாயி எப்போதும் கடன் வாங்கியவராகவே இருப்பதில்லை. பழத்தையும் ஏலக்காயையும் தேங்காயையும் கடனுக்குக் கொடுத்துவிட்டுப் பணத்திற்குக் காத்திருப்போர் நம்மில் பலர். அவ்வியாபாரியோ சீட்டு நடத்தியவரோ மஞ்சள் கடிதாசி அனுப்பினால், "பணம் போயிற்று" என்று அதைக் கிழித்துப் போடுதல் கூடாது. வராதவர் பங்கும் வந்தவர்க்கே போகும்.

குறித்த நாளில் நேரிலோ வக்கீல் மூலமோ ஆஜராக வேண்டும். நமக்கு வரவேண்டிய தொகையை மண்டிச் சீட்டு, எடைச் சீட்டு, பாக்கிக் கணக்கு முதலியவற்றுடன் பிரமாணப் பத்திரத்தால் மெய்ப்பிக்க வேண்டும். அதனைப் பதிவுத் தபாலிலும் அனுப்பலாம். சொத்து கைமாறும் என்ற அச்சமிருந்தால் இடைக்கால ரிசீவரை நியமிக்கக் கேட்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் நடந்த கிரயங்களை வில்லங்கச் சான்றில் பார்த்து நீதிமன்றத்தின் கவனத்திற்குக் கொண்டுவரலாம். பத்துப் பதினைந்து விவசாயிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வக்கீலை அமர்த்தினால் செலவும் குறையும்.

கடன்பட்டவர் மனுச் செய்யாமல் கடையைப் பூட்டிவிட்டு மறைந்துபோனால், கடன் கொடுத்தவர்களே அவரைத் திவாலானவராக அறிவிக்குமாறு கேட்கலாம். ஆனால் அச்செயல் நடந்த மூன்று மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். "இன்று வருவார், நாளை வருவார்" என்று காத்திருந்து இக்காலத்தை இழந்துவிடுதல் கூடாது. புரோநோட்டுக் கடனுக்கு வழக்கிடும் காலம் மூன்று ஆண்டுகள் என்பதையும் நினைவிற் கொள்க.

மனுவுக்கு முன்னுள்ள வழிகள்

மருத்துவர் அறுவைச் சிகிச்சையை இறுதியிலேயே நாடுவார். திவால் மனுவும் அத்தகையதே. அதற்குமுன் முயல வேண்டிய வழிகள் சில உள.

வங்கியிடமும் கூட்டுறவுச் சங்கத்திடமும் தவணையை மாற்றியமைக்கவோ, ஒரே தவணையில் தீர்க்கவோ எழுத்து மூலம் கேட்கலாம். வழக்குத் தொடருமுன்னரே மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்த்துக் கொள்ளலாம். அங்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. ஆங்குச் செய்யப்படும் உடன்பாடு உரிமையியல் நீதிமன்ற டிக்ரிக்கு ஒப்பானது. அதன்மேல் அப்பீல் கிடையாது. அதனால் கட்ட இயலாத தவணைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திடுதல் கூடாது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண்களும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும், மாற்றுத் திறனாளிகளும், குறைந்த வருமானமுள்ளோரும் இலவசமாக வக்கீல் உதவி பெறலாம். மாவட்ட நீதிமன்றத்திலும் வட்ட நீதிமன்றங்களிலும் இதற்கான அலுவலகங்கள் உள்ளன. 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் உதவி கேட்கலாம்.

மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் முதலியவற்றைத் தமிழ்நாடு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்துள்ளது. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அத்தகைய கடனைத் தீர்ப்பதற்காக மற்றொரு கடன் வாங்குவதைக் காட்டிலும் புகார் கொடுப்பதே அறிவுடைமை. சிறுகடன் நிறுவனங்களின் ஆட்கள் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைத்தல் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதி வகுத்தது. கடன் கட்டாதது வேறு, அவமதிக்கப்படுவது வேறு. முன்னதற்காகப் பின்னதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மனுச் செய்த பின்னும் ஒரு நல்வழி உண்டு. திவால் தீர்ப்புக்குப் பிறகு கடன்பட்டவர், "என் நிலத்தை விற்க வேண்டாம், ஒவ்வோர் அறுவடையிலும் இன்ன தொகை கட்டுகிறேன்" என்று ஒரு திட்டம் முன்வைக்கலாம். தம் கடனை மெய்ப்பித்து ஆஜரான கடன்காரர்களில் எண்ணிக்கையில் பெரும்பான்மையினரும், தொகையில் முக்கால் பங்கினரும் ஏற்று, நீதிமன்றமும் ஒப்பினால் அத்திட்டம் எல்லாரையும் கட்டுப்படுத்தும். அமெரிக்க நாட்டில் 1986-இல் விவசாயக் குடும்பங்கள் நிலமிழந்து தவித்தபோது, நிலத்தை வைத்துக்கொண்டே மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் விளைச்சல் வருமானத்தால் கடனைக் கட்டுவதற்கெனச் சட்டத்தில் தனி அத்தியாயமே சேர்த்தனர். நம் சட்டத்தின் 38, 39-ஆம் பிரிவுகளில் அத்தகைய இணக்கத்திற்கு 1920-ஆம் ஆண்டிலேயே இடம் இருக்கிறது. அதனைப் பயன்படுத்துவதற்கு வேண்டியது கடன்காரரின் நம்பிக்கை. மறைக்காத கணக்கு ஒன்றே அந்நம்பிக்கையைத் தரவல்லது.

விவசாயிகளின் கடன் நம் மாநிலத்திற்குப் புதிய சிக்கலன்று. டபிள்யூ. ஆர். எஸ். சத்தியநாதன் 1935-இல் சென்னை மாகாண விவசாயிகளின் கடன் நிலை பற்றி விரிவான அறிக்கை அளித்தார். 1938-இல் இராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை இயற்றியது. 1932 அக்டோபர் 1-க்கு முற்பட்ட கடன்களில் அசலைப் போல் இருமடங்கு கட்டிவிட்டவரின் கடன் முழுவதும் தீர்ந்ததாக அச்சட்டம் கொண்டது. கட்டிய தொகைக்கு ரசீதோ கணக்கோ வைத்திருந்தவருக்கு அதனை மெய்ப்பிப்பது எளிதாயிற்று. எந்தச் சட்டம் வரினும் எழுத்தில் கணக்குள்ளவருக்கே அதன் நன்மை விரைந்து சேரும்.

ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு

உறுப்பினர்கள் தம்மைப் பற்றியும் ஒரு செய்தியை அறிய வேண்டும். திவாலானவர் எனத் தீர்ப்புப் பெற்றவர் உள்ளாட்சி மன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்படவோ, அதில் அமர்ந்து வாக்களிக்கவோ திவால் சட்டத்தின் 73-ஆம் பிரிவு தடை செய்கிறது. 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டமும் விடுதலை பெறாத திவாலானவரைத் தகுதியற்றவராகக் கொள்கிறது. எனினும் திவால் தீர்ப்பு ரத்தானாலோ, தம் தவறின்றித் தீயூழால் நேர்ந்தது என்ற சான்றுடன் நீதிமன்றம் விடுதலை அளித்தாலோ, திவால் சட்டத்தின் தடை நீங்கும். உறுப்பினராயுள்ளவர் மனுச் செய்யுமுன் இதனையும் வக்கீலிடம் கேட்டறிதல் வேண்டும்.

மற்றவர்க்கு உதவும்போது உறுப்பினர் நீதிபதியாகவோ வசூல்காரராகவோ மாறுதல் கூடாது. கடன்பட்டவரைச் சாவடியில் நிறுத்தி நாலு பேர் முன் கேள்வி கேட்பது தீர்வாகாது. தலைகுனிந்து வீடு திரும்புபவர் விபரீத முடிவுக்குச் செல்லவும் கூடும். அவரைத் தனியே அழைத்து, பட்டியல்களை எழுதச் செய்து, சட்டப் பணிகள் அலுவலகத்திற்குத் துணையாகச் சென்று வருவதே உறுப்பினர் செய்யத்தக்க பேருதவி. மனம் நொந்து பேசுபவர் என்று தெரிந்தால் அவரைத் தனியே விடாமல் குடும்பத்தாரிடம் சொல்லி வைப்பதும், 104 என்ற எண்ணில் ஆலோசனை பெற உதவுவதும் இன்றியமையாதவை.

சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. ஆண்டில் ஒரு கூட்டத்திற்கேனும் சட்டப் பணிகள் குழுவின் வக்கீல் ஒருவரை அழைத்து, புரோநோட்டு எழுதும் முறை, ரசீது பெறும் வழக்கம், ஜாமீன் நிற்பதன் பொறுப்பு ஆகியவை பற்றிப் பேசச் செய்யலாம். வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்திடுவதில்லை என்றும், ரசீதின்றிப் பணம் கட்டுவதில்லை என்றும் ஒரு கிராமம் உறுதி கொண்டால், அங்கு மஞ்சள் கடிதாசிக்கு வேலை வெகுவாகக் குறையும்.

வெள்ளம் வருமுன் அணை போடுவது உழவர்க்குத் தெரிந்த உண்மை. கடன் வெள்ளத்திற்கு அணை கணக்கே. அதனை இன்றே எழுதத் தொடங்குவது, நீதிமன்றத்தின் படி ஏறாமல் காக்கும். ஏற நேர்ந்தாலும் நிமிர்ந்து நிற்கச் செய்யும்.